ஓர் எழுத்து மாறினால் தந்தையாக முடியாதா? நொதி மரபணுவும் ஆண் மலட்டுத்தன்மையும்: ஆய்வகங்கள் சொல்வது என்ன?

திருப்பதி: ஆந்திரப் பிரதேச மாநிலம் புத்தூரை அடுத்துள்ள நாராயணவனம், சீனிவாசப் பெருமாளுக்கும் பத்மாவதித் தாயாருக்கும் திருமணம் நடந்த தலமாகப் போற்றப்படுகிறது. அங்குள்ள கல்யாண வெங்கடேசுவரர் கோயிலின் தல வரலாறு, குழந்தைப்பேறு இல்லாமல் வருந்திய ஆகாசராஜன் என்ற மன்னனிடமிருந்து தொடங்குகிறது. வேள்வி செய்வதற்காக அவன் நிலத்தைப் பொன் ஏரால் உழுதபோது, தாமரை மலரில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தான் என்பது புராணம். அந்தக் குழந்தையே பத்மாவதி.

புராணத்தில் குழந்தையில்லாக் கவலையைச் சுமந்து ஏர் பிடித்தவன் மன்னன். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப் பகுதியிலும் சரி, தமிழகத்தின் பிற ஊர்களிலும் சரி, இன்றைய நடைமுறை வேறாக இருக்கிறது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்தால் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி மருமகளிடம்தான் கேட்கப்படுகிறது. மருத்துவமனைக்கு முதலில் அழைத்துச் செல்லப்படுபவரும் அவரே. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை என அனைத்தும் முடிந்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மருத்துவர் கூறிய பின்னரே கணவரின் பெயர் சீட்டில் எழுதப்படுகிறது. சில குடும்பங்களில் அப்போதும் எழுதப்படுவதில்லை.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என உலக சுகாதார அமைப்பு 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ, பெண் தரப்புக் காரணத்துடன் சேர்ந்தோ காணப்படுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

அந்த ஆண் தரப்புக் காரணங்களை மரபணு அளவில் தேடும் பணியில் ஹைதராபாத், லக்னோ, வாரணாசி, தில்லி ஆகிய நகரங்களின் ஆய்வகங்கள் கடந்த கால் நூற்றாண்டாக ஈடுபட்டுள்ளன. அவற்றின் முடிவுகள் ஆய்விதழ்களோடு நின்றுவிடவில்லை. மரபணுப் பரிசோதனைத் தொகுப்புகளாகவும், ஊட்டச்சத்து மாத்திரைகளாகவும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆகவே, ஆய்வகம் கண்டது எது, கடைக்காரர் அதோடு சேர்த்துக்கொண்டது எது என்பதைப் பிரித்தறிவது, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்குப் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். பெண்ணின் வயது கூடக்கூடக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவதால், இங்கே காலம் பணத்தைவிட அருமையானது.

சூட்டில் தளரும் நொதி

உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். ஒவ்வொரு நொதியையும் உருவாக்குவதற்கான குறிப்பு, பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இவற்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால் நொதி முற்றிலும் செயலிழக்கலாம், சற்று மந்தமாகலாம், எந்த வேறுபாடும் இன்றி வழக்கம்போல் இயங்கலாம். மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எது நடக்கிறது என்று கூறிவிட முடியாது.

ஆண் மலட்டுத்தன்மை ஆய்வுகளில் மிக அதிகமாகப் பேசப்பட்ட நொதியின் பெயர் மெத்திலீன் டெட்ரா ஹைட்ரோ ஃபோலேட் ரிடக்டேஸ். ஆய்வாளர்களுக்கே வாய் நோகும் பெயர் என்பதால் எம்டிஎச்எஃப்ஆர் எனச் சுருக்கி அழைக்கின்றனர். கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமினை, உடல் பயன்படுத்தக்கூடிய இறுதி வடிவத்துக்கு மாற்றுவது இதன் வேலை. புதிய டிஎன்ஏவை உருவாக்கவும், எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் வேதி முத்திரைகளைப் பதிக்கவும் ஃபோலேட் சுழற்சி தேவை.

விந்தகத்தில் நாள்தோறும் கோடிக்கணக்கான விந்தணுக்கள் உருவாகின்றன. ஒரு தாய் செல் பிரியத் தொடங்கி முழுமையான விந்தணுவாக மாறுவதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். இத்தனை வேகமாகவும் இடைவிடாமலும் டிஎன்ஏவைப் படியெடுக்கும் இடங்கள் உடலில் மிகச் சிலவே. ஃபோலேட் சுழற்சி மந்தமானால் அதன் பாதிப்பு இங்கே தெரியக்கூடும் என்ற ஐயம் அறிவியலாளர்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

இந்த நொதியின் பலவீனம் முதலில் தெரியவந்தது விந்தணு ஆய்வில் அல்ல; ரத்த செல்களில். 1988-ஆம் ஆண்டு சிகாகோ ஆய்வாளர்கள், மனித ரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து எடுத்த சாற்றை 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஐந்து நிமிடங்கள் வைத்துப் பார்த்தனர். சிலரது நொதி அந்த வெப்பத்தைத் தாங்கியது. வேறு சிலரது நொதியோ பெருமளவு செயலிழந்தது. காரணம் 1995-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் தெரியவந்தது. அந்த மரபணுவின் 677-ஆவது இடத்தில் 'சி' என்ற எழுத்துக்குப் பதிலாக 'டி' இருந்தது. அதன் விளைவாகப் புரதத்தின் 222-ஆவது இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலைன் அமர்ந்தது. இரண்டு பிரதிகளிலும் 'டி' உள்ளவர்களின் நொதித் திறன், இயல்பானவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஒரு பிரதியில் மட்டும் 'டி' உள்ளவர்களுக்கு இழப்பு அவ்வளவு இல்லை.

இன்னொரு செய்தியும் ஆய்வகத்தில் தெளிவானது. மாறிய நொதி, தன் துணைப் பொருளான வைட்டமின் பி2 சார்ந்த மூலக்கூறை எளிதில் நழுவவிடுகிறது, அதனால்தான் தளர்கிறது. போதுமான ஃபோலேட் இருந்தால் அந்தப் பிடி மீண்டும் இறுகுகிறது. ஆக, ஒரே மரபணு மாற்றம் கொண்ட இரண்டு பேரில், நன்றாக உண்பவரின் நொதி ஏறத்தாழ நன்றாகவே இயங்க, சத்துக்குறைவு உள்ளவரின் நொதி தடுமாறக்கூடும்.

வாரணாசி முதல் லக்னோ வரை

2001-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள், மலட்டுத்தன்மை உள்ள ஆண்களிடையே இரட்டை 'டி' வடிவம் பிறரைவிட ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் காணப்படுவதாக அறிவித்தனர். நெதர்லாந்தில் நடந்த ஆய்வு அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை.

இந்தியாவில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகக் குழுவினர் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இந்திய ஆண்களிடமும் தொடர்பு இருப்பதாகக் கூறியது. 2007-இல் தில்லி ஆய்வாளர்கள், இந்த மரபணுவோடு ஜிஎஸ்டிஎம்1 என்ற மற்றொரு நொதியின் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்தனர். உடலில் சேரும் நச்சுப் பொருள்களை வெளியேற்றத் துணைபுரியும் நொதி அது. அந்த மரபணுவே முற்றிலும் இல்லாமல் பிறப்பவர்கள் ஏராளம். ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கிடையாது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறையுமின்றிப் பிள்ளை பெற்று வாழ்கின்றனர் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

2011-ஆம் ஆண்டு லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், தங்கள் சொந்த ஆய்வோடு, உலகின் பல பகுதிகளில் அதுவரை வெளியான ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். 677-ஆவது எழுத்து மாற்றத்துக்கும் ஆண் மலட்டுத்தன்மைக்கும் வலுவான தொடர்பு உண்டு என்பது அவர்களது முடிவு.

இத்தோடு செய்தி முடிந்துவிட்டதாகத் தோன்றலாம். தொடர்பு என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. மலட்டுத்தன்மை உள்ள நூறு பேரில் சிலரிடம் ஒரு மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது என்றால், அந்த மாற்றம் அபாயத்தைச் சற்று உயர்த்துகிறது என்று பொருள். அது உள்ள ஒருவர் தந்தையாக மாட்டார் என்று பொருளல்ல. இரட்டை 'டி' கொண்ட கோடிக்கணக்கான ஆண்கள் உலகெங்கும் தந்தையராக இருக்கின்றனர். மேலும், இந்த வடிவம் சீனாவின் வடபகுதியிலும் தென் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ள அளவுக்கு இந்தியாவில் இல்லை. எனவே, இந்த ஒரு மாற்றத்தால் விளக்கக்கூடிய குழந்தையின்மையின் பங்கும் இங்கே சிறியதாகவே இருக்கும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் இப்பரிசோதனை, குழந்தையின்மைக்கான மரபணுத் தொகுப்புகளில் இடம்பெறுகிறது. தொடர் கருச்சிதைவுக்கும் ரத்தம் உறையும் கோளாறுக்கும் வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனைகளில் இதைச் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபணுவியல் கல்லூரி 2013-லேயே பரிந்துரைத்துவிட்டது. முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அந்தப் பரிசோதனையால் யாருக்கு லாபம் என்று நோயாளி கேட்பதில் தவறில்லை.

மாத்திரை தோற்ற கதை

நொதி மந்தமாக இருந்தால் ஃபோலிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா? நியாயமான கேள்விதான். 2002-இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, ஆமாம் என்று பதிலளித்தது. கருவுறச் செய்யும் திறன் குறைந்த ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் 26 வாரங்கள் கொடுக்கப்பட்டன. அவர்களது இயல்பான விந்தணுக்களின் மொத்த எண்ணிக்கை 74 சதவீதம் உயர்ந்தது. 2005-இல் வெளியான மான்ட்ரியல் ஆய்வு இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது. எம்டிஎச்எஃப்ஆர் நொதியே இல்லாத ஆண் எலிகளுக்கு விந்தணு உருவாக்கம் சீர்குலைந்திருந்தது; பீட்டைன் என்ற ஊட்டப்பொருளை வாழ்நாள் முழுவதும் உணவில் சேர்த்தபோது நிலைமை ஓரளவு சீரானது.

நொதி, எலி, சிறிய ஆய்வு என எல்லாம் ஒரே திசையைக் காட்டின. ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரைகள் 'ஆண்மைக்கு ஊட்டம்' என்ற பெயரில் மருந்துக் கடைகளை நிறைத்தன. இன்றும் நிறைக்கின்றன.

பெரிய அளவிலான ஆய்வின் முடிவு 2020 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. குழந்தையின்மைச் சிகிச்சைக்குத் திட்டமிட்ட 2,370 தம்பதியர் அதில் பங்கேற்றனர். கணவர்களில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 5 மில்லி கிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லி கிராம் துத்தநாகமும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் ஆறு மாதங்கள் வழங்கப்பட்டன. எது யாருக்குத் தரப்பட்டது என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியாது. மருந்து பெற்றவர்களின் பிரிவில் 34 சதவீதத் தம்பதியருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களின் பிரிவில் 35 சதவீதத் தம்பதியருக்கும் குழந்தை பிறந்தது. விந்தணுக்களின் எண்ணிக்கையிலும் அசைவிலும் வடிவத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விந்தணுக்களின் டிஎன்ஏ சிதைவு மட்டும் மருந்து பெற்றவர்களிடம் சற்று அதிகமாக இருந்தது: 29.7 சதவீதம், மற்றவர்களிடம் 27.2 சதவீதம். வயிற்று உபாதை, குமட்டல் ஆகியவையும் அவர்களிடமே கூடுதல்.

ஒரு விவரத்தை விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1998 முதல் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. எனவே அந்த ஆய்வில் பங்கேற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு ஃபோலேட் குறைபாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றிய கதை அது. இந்தியாவின் நிலை வேறு. குறிப்பாக, சைவ உணவு உண்பவர்களிடையே, ஃபோலேட்டுடன் சேர்ந்து செயல்படும் வைட்டமின் பி12 குறைபாடு பரவலாக உள்ளது. குறைபாடு உண்மையில் உள்ளவருக்கு அதைச் சரிசெய்வது மருத்துவம். குறைபாடு உள்ளதா என்பதை எளிய ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பரிசோதிக்காமலேயே மாதந்தோறும் மாத்திரை வாங்குவது வேறு விஷயம்.

ஹைதராபாத் கண்டறிந்தவை

அபாயத்தைச் சற்றே உயர்த்தும் மாற்றங்கள் ஒருபுறம் இருக்க, விந்தணு உருவாக்கத்தையே நிறுத்திவிடும் மரபணுக் கோளாறுகளும் உண்டு. அவற்றைத் தேடுவதில் ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) நாட்டில் முன்னணியில் உள்ளது. மறைந்த விஞ்ஞானி லால்ஜி சிங்கும், குமாரசாமி தங்கராஜும் இத்துறையில் அங்கு நீண்ட காலம் பணியாற்றியவர்கள்.

2003-இல் அவர்களது குழு வெளியிட்ட ஆய்வில், விந்துவில் விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 29 பேருக்கு, அதாவது 8.5 சதவீதத்தினருக்கு, ஒய் குரோமோசோமின் சில பகுதிகள் இல்லை. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. அதில் விந்தணு உருவாக்கத்துக்கு இன்றியமையாத ஒரு பகுதி உண்டு என்பதை 1976-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருந்தனர். நொதி மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதை அச்சுப் பிழை என்று கொண்டால், இது புத்தகத்தில் பக்கங்களே கிழிந்து போனதற்குச் சமம்.

இரு பத்தாண்டு ஆய்வுகளின் முடிவில், மலட்டுத்தன்மை உள்ள ஆண்களில் 38 சதவீதத்தினருக்கு ஒய் குரோமோசோம் கோளாறோ, மைட்டோகாண்ட்ரியா மற்றும் பிற மரபணுக்களின் மாற்றமோ காரணம் எனச் சிசிஎம்பி கணித்தது. எஞ்சியவர்களின் காரணம் என்ன? அதைத் தேடி 47 ஆண்களின் எல்லா மரபணுக்களிலும் உள்ள முக்கியப் பகுதிகள் முதலில் முழுமையாக வாசிக்கப்பட்டன. அதில் கிடைத்த மாற்றங்கள், நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1,500 ஆண்களிடம் சரிபார்க்கப்பட்டன. 2022-இல் வெளியான முடிவு, இந்திய ஆண்களிடம் அதுவரை மலட்டுத்தன்மையோடு தொடர்புபடுத்தப்படாத எட்டு மரபணுக்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் டிஎஸ்எஸ்கே4 என்பது விந்தகத்தில் செயல்படும் ஒரு நொதிக்கான மரபணு. கேட்ஸ்பர்டி என்பது விந்தணுவின் வாலுக்குள் கால்சியத்தை அனுமதிக்கும் வாயிலின் ஒரு பகுதி. அந்த வாயில் திறக்காவிட்டால் விந்தணுவால் விசையோடு நீந்த முடியாது.

இந்த ஆய்வின் முக்கியத்துவம் பட்டியலில் மட்டும் இல்லை. சென்ட்ரின் எனப்படும் புரதத்துக்கான சிஇடிஎன்1 மரபணுவில் கண்ட மாற்றத்தை விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் செல்களுக்குள் செலுத்திப் பார்த்தனர். செல் பிரிதல் இடையில் நின்றுபோனது. இப்படி ஒரு மாற்றம் என்ன கேட்டை விளைவிக்கிறது என்பதை செல்லிலேயே நேரில் காட்டும்போதுதான், புள்ளிவிவரத் தொடர்பு என்ற நிலையிலிருந்து காரணம் என்ற நிலைக்கு அது உயர்கிறது.

அண்மையில் அதே மையத்தின் ஆய்வாளர்கள் டிஇஎக்ஸ்13பி என்ற மரபணுவை இவ்வாறே ஆராய்ந்துள்ளனர். எலியின் தொடக்கநிலை விந்தணுச் செல்களில் அந்த மரபணுவை கிரிஸ்பர் தொழில்நுட்பத்தால் நீக்கியபோது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைந்தது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. எனவே, தாய்க்கு எவ்விதப் பாதிப்பும் இல்லாதபோதும், குறையுள்ள பிரதி மகனுக்குச் சென்றால் அதை ஈடுசெய்ய அவனிடம் மாற்றுப் பிரதி கிடையாது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையே" என்று பெரியவர்கள் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். மரபணு அந்த வழியில் பயணித்திருக்கலாம் என்பதே விடை.

எலியின் செல்லை ஏன் நாட வேண்டியிருக்கிறது என்ற கேள்வி எழலாம். மனித ரத்த செல்லையும் சிறுநீரக செல்லையும் ஆய்வகத் தட்டில் வளர்ப்பது எளிது. ஆனால், தாய் செல்லில் தொடங்கி, கருவுறச் செய்யும் முழு விந்தணு வரை மனித உடலுக்கு வெளியே உருவாக்குவது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எலியில் அது முடிந்திருக்கிறது. 2011-இல் ஜப்பானின் யோகோஹாமா விஞ்ஞானிகள், பிறந்து சில நாள்களே ஆன எலிக்குட்டியின் விந்தகத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, அதிலிருந்து விந்தணுக்களைப் பெற்று, ஆரோக்கியமான குட்டிகளையும் பிறக்கச் செய்தனர்.

சொந்தத்தில் திருமணம்

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் திருமணமும், அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கும் தமிழகத்துக்கும் புதிதல்ல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலும் ஆந்திரத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒரு திருமணம் ரத்த உறவுக்குள் நடக்கிறது.

இரட்டைப் பிரதியும் மாறினால் மட்டுமே வெளிப்படும் நொதிக் குறைபாடுகளுக்கு இது முக்கியமானது. பொதுவான ஒரு மூதாதையரிடம் இருந்த ஒற்றை மாற்றம், தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்து ஒரே குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பு சொந்தத் திருமணத்தில் கூடுகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான வடிவத்துக்கு மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியின் குறைபாடு இதற்கு எடுத்துக்காட்டு. இரு பிரதிகளும் பழுதானால் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியே பாதிக்கப்படும். எனினும், சொந்தத்தில் மணந்ததால்தான் குழந்தை இல்லை என்று ஒரு தம்பதியைப் பார்த்துத் தீர்ப்பளிப்பது, நொதி மரபணுவைக் காட்டித் தீர்ப்பளிப்பதைப் போலவே அவசரமானது. ஒய் குரோமோசோம் சிதைவுக்கும் சொந்தத் திருமணத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது எது?

மரபணு வரிசையில் கடைசியாக வர வேண்டியது. முதலில் வர வேண்டியது விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. மனைவிக்குச் செய்யப்படும் கருக்குழாய்ப் பரிசோதனையின் வலியோடு ஒப்பிட்டால், இதைத் தள்ளிப்போடக் கூச்சத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

உலக சுகாதார அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டர் விந்துவில் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், மொத்தத்தில் 3 கோடியே 90 லட்சம், அசைவுள்ளவை 42 சதவீதம், இயல்பான வடிவம் உள்ளவை 4 சதவீதம் என்பன கீழ் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. கடைசி எண்ணைக் கண்டு பலர் பதறுகின்றனர். நூறில் நான்கு மட்டுமே இயல்பான வடிவில் இருந்தாலும் அது எல்லைக்குள்தான். இந்த எண்கள், ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் அளவீடுகளிலிருந்து பெறப்பட்டவை; எல்லைக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் உண்டு. ஒரே முடிவை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. கடுமையான காய்ச்சல் வந்து சென்றாலே அடுத்த இரண்டு, மூன்று மாதங்களுக்கு எண்ணிக்கை குறையலாம். குறைவு தென்பட்டால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிப்பதே முறை.

அடுத்தது மருத்துவரின் நேரடிப் பரிசோதனை. விந்தகத்தைச் சுற்றியுள்ள ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. தேவையானவர்களுக்கு அறுவை சிகிச்சையால் அதைச் சரிசெய்ய முடியும். புகைப்பழக்கம், மது, தசை வளர்ச்சிக்காக உடற்பயிற்சிக் கூடங்களில் போடப்படும் ஹார்மோன் ஊசிகள் ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊசிகள் ஆண்மையைக் கூட்டுவதாக எண்ணுவோர் பலர். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வரும்போது மூளை விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுவதால், விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுபோகவும் கூடும்.

விந்தணு அறவே இல்லாதவர்களுக்கும், மிகக் கடுமையாகக் குறைந்தவர்களுக்கும் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் சிதைவுப் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. எம்டிஎச்எஃப்ஆர் பரிசோதனையைப் போலன்றி, இவற்றின் முடிவு சிகிச்சையின் திசையை மாற்றும். ஒய் குரோமோசோமில் 'ஏ' அல்லது 'பி' எனப்படும் பகுதி முழுமையாக இல்லாதவர்களுக்கு, விந்தகத்தைத் திறந்து விந்தணு தேடும் அறுவை சிகிச்சையால் பலன் கிடைப்பதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அந்த வலியையும் செலவையும் தவிர்க்கலாம். 'சி' பகுதி இல்லாதவர்களில் பலரிடம் விந்தணு கிடைக்கிறது. ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறை 1992-இல் வெற்றி பெற்ற பிறகு, இவர்களும் தந்தையராக முடிகிறது.

அவ்வாறு பிறக்கும் மகனுக்கு அதே ஒய் குரோமோசோம், அதே இடைவெளியோடு செல்லும். வளர்ந்த பின் அவரும் இதே சிக்கலைச் சந்திக்க நேரிடும். மகளுக்கு ஒய் குரோமோசோமே செல்லாது என்பதால் இந்தக் குறை அவரைத் தொடாது. சிகிச்சை தொடங்கும் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து, மரபணு ஆலோசகரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய செய்தி இது.